கையில் நிக்காத பந்து

இல்ல அண்ணாச்சி, நான் தெரியாமத்தான் கேக்கேன், அந்தப் பந்த யாரு பாத்து வாங்குனா? புதுப் பந்தாம், புதுப் பந்து! கையில நிக்கவே மாட்டக்கு, விலாங்கு மீன் கணக்கா வழுக்கிக்கிட்டு ஓடுது... சார்னுதான் கூப்பிடணும், எனக்கு அது வாயில வரமாட்டக்கு. அண்ணாச்சின்னே கூப்பிடுதேன், கோவிச்சுக்கிடாதிய. எந்திரிக்காதிய, உக்காருங்க. பொதிகை வாரதுக்கு இன்னும் அரை மணி நேரம் கெடக்கு. தென்காசி டேசன்ல உக்காந்து வேற என்னத்த பாக்கப் போறிய?

நான் பொன்செல்வி. இசக்கிமணி வீட்டுக்காரி. நேத்து மேட்ச்ல பச்சச் சீல கட்டிக்கிட்டு கத்துனது நாந்தான். ஆமா, ‘ரெஃபரிக்கு கண்ணு அவிஞ்சு போச்சா’ன்னு கேட்டதும் நாந்தான். அத விடுங்க.

ஏட்டி உலகு! தண்டவாளத்துப் பக்கம் போவாதட்டி! அந்த மாமாவுக்கு வணக்கம் சொல்லு... சொல்ல மாட்டா. அப்பா மாரி, வாயத் தெறக்க மாட்டா. வாயெல்லாம் எனக்கு வந்திட்டு.

சென்னையில இருந்து இவரு ஆட்டத்த பாக்கணும்னே வந்திய. மறுபடியும் ஒரு வருசம் டீம்ல சேக்கலாமான்னு பாக்க. பாத்திய. வேணாம்னு சொல்லிட்டு கெளம்பிட்டிய. எத்தன வருசம் உங்ககிட்ட ஆடுன மனுசன்! ஏழு வருசம். ஒரே ஒரு சாயங்காலம் பந்து கையில நிக்கல, அதுக்காவ வேணாமா?

நான் நேத்து இருந்த நெலவரத்த சொல்லுதேன். சாரல் வேற. மேல தகரம் போட்டிருக்கோம்னு டோர்னமெண்டுக்காரவ சொன்னாவ, தகரத்துக்கு நாலு பக்கமும் காத்து இருக்கே, அத யாரு தடுப்பா? நீங்களே ‘சாரல்ல பந்து நனைஞ்சு போச்சு’ன்னு பக்கத்துல இருந்தவருகிட்ட சொன்னிய, என் காதுல விழுந்துச்சு. லைட்டு கண்ணக் கூசுது. மைக் செட்டுக்காரன் பந்து வளையத்துகிட்ட போவும்போதெல்லாம் பாட்டப் போடுதான். இதுல யாரு ஒழுங்கா ஆட முடியும், சொல்லுங்க?

அது என்ன, உங்க பேண்ட்ல? தொடைகிட்ட. கறை. அய்ய, நேத்து போட்ட பேண்டா? வெளுப்புல நல்லா தெரியுதே. துடைக்காதிய, துடைக்காதிய, பரவிரும். கடல மாவு போட்டு வச்சிருந்து பொறவு தட்டி விடணும்... சரி, அதுக்கு பொறவு வாரேன்.

எங்க வீட்டுல இவரப் பொண்ணு பாக்க வரச்சொன்னப்ப எங்க மாமா பரமசிவன் கேட்டாரு, மாப்ளைக்கு என்ன வேலன்னு. பந்து வெளயாடுதாருன்னு சொன்னாவ. அது சரி, வேல என்னன்னு மறுபடியும் கேக்காரு! அதுக்குள்ள மாப்ள உள்ள வந்தாரு, நெலையில டங்குன்னு ஒரு இடி. ஆறடி ஆறங்குலம் அண்ணாச்சி. எங்க வீட்டு வாசல் அதுக்கா கட்டுனது? நெத்தி பொடச்சிட்டு. அதோடயே உக்காந்து காப்பி குடிச்சிட்டு, ‘நல்லா இருக்கு’ன்னு ஒத்த வார்த்த. நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அடிபட்டும் மொகத்துல காட்டாத ஆளு. நல்ல ஆளுன்னு நெனச்சேன். அதுதான் இப்ப தலவலி.

இந்த ஊர்ல ஒருத்தருக்காவது அது என்ன ஆட்டம்னு தெரியுமா? பாஸ்கெட்பால்னு சொன்னா, மேலகரத்துல ஒரு ஆளு, ‘தம்பி வாலிபாலாமே’ன்னாரு. ‘டிவியில வருமா’ன்னு ஒருத்தி. மங்களேஸ்வரி அக்கா இருக்காளே, பக்கத்து வீட்டுக்காரி, இவரு வந்தா போதும், ஒட்டட அடிக்க கூப்பிட்டுருவா. ஏணி வேண்டாமாம்! தமிழ்நாட்டுக்கு ஆடுன மனுசன், அவ வீட்டு ஃபேன தொடச்சிக்கிட்டு நிக்காரு. கோயில்ல சப்பரம் தூக்கக் கூப்பிட்டாவ. இவரு பக்கம் மட்டும் சாமி ஒசந்து, அந்தப் பக்கம் சரிஞ்சு... அய்யரு கத்துனாரே பாக்கணும்! செருப்பு? தென்காசியில இவரு காலுக்கு செருப்பே கெடையாது. கடைக்காரரு டப்பாவக் காட்டி ‘இதுல வேணா காலு போவும்’ங்காரு.

சிரிக்கிய. சிரிங்க. நான் சிரிச்சு முடிச்சிட்டேன்.

போன வருசம் முட்டியில ஜவ்வு கிழிஞ்சிட்டு. உங்களுக்கா தெரியாது? நீங்கதான ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸோட வந்திய. பொறவு ‘ரெஸ்ட் எடுங்க’ன்னு லெட்டரும் நீங்கதான அனுப்புனிய. ஏங்கிட்ட வந்து ‘ஊருக்குப் போவோம்’னாரு, அவ்வளவுதான். இலஞ்சியில எங்க அம்மா வீட்டுக்கு வந்தோம். இவரு ஒரு மாசம் சொவத்த பாத்துக்கிட்டே கெடந்தாரு அண்ணாச்சி. அந்த முட்டிய யாரு நேராக்குனா? டாக்டரா? நான்! நல்லெண்ணெயும் வெளக்கெண்ணெயும் சரிக்குச் சரி ஊத்தி, நொச்சி எலையப் போட்டு காச்சி, சனிக்கெழம சனிக்கெழம தலையில இருந்து உள்ளங்காலு வரைக்கும் தேய்ச்சி, குத்தாலத்துக்கு கூட்டிட்டுப் போயி மெயின் அருவியில நிப்பாட்டி வச்சேன். தண்ணி அடிச்ச அடியில எண்ணெயும் போச்சு, நோவும் போச்சு. ஆறு மாசத்துல ஓடுனாரு. விடிஞ்சா ஸ்கூல் கெரவுண்டுல எறநூறு தடவ பந்தப் போடுவாரு. உலகுதான் எண்ணுவா. பன்னெண்டு வரைக்கும்தான் தெரியும், பொறவு மறுபடி ஒண்ணுல இருந்து. அவ கணக்குல இவரு பன்னெண்டுக்கு மேல போட்டதே கெடையாது. ஆனா நான் பாத்திருக்கேன். தவற விட்டது விரல் விட்டு எண்ணிரலாம்.

அப்பேர்ப்பட்ட கையில நேத்து பந்து ஏன் நிக்கல? நீங்க இவருகிட்டயே கேட்டிய. என்ன சொன்னாரு? ‘வயசாயிட்டு சார், கை முன்ன மாரி இல்ல, சின்னப் பையன் எவனையாவது பாத்துக்கிடுங்க.’ முப்பது வயசுல! சொல்லிட்டு என்னயப் பாத்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புலதான் எனக்கு நேத்து சோறு எறங்கல.

வீட்டுக்குப் போயி நல்லா ஏசினேன். ஏன் அப்பிடிச் சொன்னியன்னு. ‘வேற என்னத்தச் சொல்ல’ங்காரு. இன்னைக்குக் காலையில பந்த எடுத்து பரணுல போட்டுட்டாரு. அவருக்கு ஏணி வேண்டாம்லா, கைய நீட்டுனாரு, போட்டுட்டாரு. உலகு அழுதா. நான் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு நேரா இங்கன வந்துட்டேன்.

என்னது, மணிய பாக்கிய? சரி. சொல்லிருதேன். சுத்தி வளைக்காம சொல்லிருதேன்.

நேத்து சனிக்கெழம.

இன்னும் புரியலையா? நேத்து சனிக்கெழம அண்ணாச்சி! சாயங்காலம் மேட்ச்சு. இவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கலையே. ‘இத்தன நாளு தேய்ச்சு நிமித்துன முட்டி, முக்கியமான நாளுல விட்ருவனா’ன்னு வழக்கத்த விட ஒரு கரண்டி கூடத்தான் தேய்ச்சேன். உள்ளங்கையில தனியா. தேய்ச்சு குத்தாலத்துக்குப் போனா, மலையில மழையாம், தண்ணி சீறிக்கிட்டு விழுது, போலீசு கயிறு கட்டி ‘யாரும் குளிக்கக் கூடாது’ன்னுட்டாவ. இப்ப விடுவாவ, இப்ப விடுவாவன்னு மூணு மணி வரைக்கும் அங்கனயே நிக்கோம். லாட்ஜுல பைப்புத் தண்ணியில குளிச்சிருதேன்னாரு. நான்தான், ‘எண்ணெய தேய்ச்சிட்டு பைப்புல குளிச்சா சளி புடிக்கும், துண்டால தொடைங்க போதும், மிச்சம் உள்ள எறங்கட்டும்’னு...

உள்ள எங்க எறங்குச்சு? ஓட ஓட வேர்த்து வெளியதான வந்துச்சு! இவரு தொட்ட பந்து, அவன் தொட்டு, எதிரி தொட்டு... பத்து பேரு கையிலயும் எங்க வீட்டு எண்ணெ. ரெஃபரி துண்டு போட்டு தொடைச்சாரு, ரெண்டு தடவ பந்த மாத்துனாரு. பந்து மேல என்ன தப்பு, பாவம். உங்க காலுகிட்ட உருண்டு வந்தத நீங்க எடுத்துக் குடுத்துட்டு, கைய எங்கன தொடைச்சிய? அன்னா, அங்கனதான்.

நம்பலன்னா மோந்து பாருங்க. வெக்கப்படாதிய, நான் திரும்பிக்கிடுதேன். நொச்சி வாசன வருதா, இல்லையா? சாரல் தண்ணியில நொச்சி வாசன வருமா?

இதத்தான் இவரு உங்ககிட்ட சொல்லல. பொண்டாட்டி எண்ணெ தேய்ச்சான்னு நாலு பேரு முன்னால சொன்னா என்னயச் சிரிப்பாவன்னு, தன் கையே போயிட்டுன்னு சொல்லிட்டாரு. எனக்காவ பரணுல போட்ட பந்த நான் எப்பிடி அண்ணாச்சி தெனமும் அண்ணாந்து பாப்பேன்? நான் சமைக்கும்போதெல்லாம் தலைக்கு மேலதான இருக்கும்! ஒரே ஒரு தடவ, காஞ்ச கையோட பாருங்க. அதுக்கு மேலயும் வேண்டாம்னா, சரி, நானே அந்தப் பந்துல மண்ணு போட்டு ரோசாச் செடி வச்சிருதேன்.

வண்டி வந்திட்டு. ஏட்டி உலகு, தள்ளி நில்லு. பையக் குடுங்க, நான் ஏத்துதேன்... எங்க, என்ன சிரிக்கிய? மோந்துட்டியளா! பாத்தியளா, நான் சொன்னம்லா!

என்னது? கேக்கல, சத்தமாச் சொல்லுங்க! சென்னைக்கா? வரச்சொல்லுதியளா! எம்மா... எப்ப? அடுத்த வாரமா? என்ன கெழம?

சனிக்கெழமையா?

இல்ல அண்ணாச்சி, சனிக்கெழம வந்து... அது எண்ணெத் தேய்க்கிற... இல்ல, ஞாயித்துக்கெழமைக்கு மாத்த ஏலுமான்னுதான்... வேண்டாம், வேண்டாம்! சனிக்கெழமையே வாராரு! எண்ணெச் சட்டிய பரணுல ஏத்திருதேன் அண்ணாச்சி! பந்த எறக்கிருதேன்! கடல மாவு, மறந்துராதிய, தேய்க்காதிய, சும்மா தூவிட்டு தட்டுங்க...

ஏட்டி, கையக் காட்டு, மாமாவுக்கு டாட்டா காட்டு.