ஆம்ப்ளிஃபையரில் ஒரு விசில்

— நிஜமாவே கேக்கலையா அண்ணா? இவ்ளோ சத்தமா விசில் அடிக்குது!

— அதாவது பாருங்க டீச்சர், நான் இந்த ஆம்ப்ளிஃபையரைத் திறந்து, உளுத்துப்போன பார்ட்ஸ் எல்லாத்தையும் மாத்தி, தூசி தட்டி மூடிக் குடுத்திருக்கேன். விசில் அடிக்க இது என்ன குக்கரா?

— பாட்டே போட வேணாம். சும்மா ஆன் பண்ணினா போதும், ஸ்பீக்கர்ல இருந்து ஈ...ன்னு வருது. காதுல ஊசிய விட்டாப்ல. இப்பவும் வந்துட்டுத்தான் இருக்கு.

— இப்பவுமா?

— இப்பவும்தான்.

— எந்த ஸ்பீக்கர்?

— ரெண்டும்.

— தெருவுல ஏதாவது மெஷின் ஓடுதோ என்னவோ.

— தெருவுல ஒரு சைக்கிள் நிக்குது. அதுவும் பூட்டியிருக்கு. அண்ணா, என் டான்ஸ் கிளாஸ்ல புள்ளைங்க பாதி ஆட்டத்துல காதைப் பொத்திக்கிட்டு நிக்குதுங்க. சனிக்கிழமை அதுங்களோட அப்பா அம்மா எல்லாரும் பாக்க வர்றாங்க. கையைத் தூக்குடின்னா காதுல இருந்து எடுக்கவே மாட்டேங்குது.

— நீங்க எதுக்கும் ஒரு காது டாக்டர்கிட்ட காட்டுங்களேன்.

— முப்பது புள்ளைங்களையும் கூட்டிட்டா?

— புள்ளைங்க ஒண்ணு பண்ணினா எல்லாம் பண்ணும், அதாவது பாருங்க...

— புதுசா ஒண்ணு வாங்கித் தொலைன்னுதான் வீட்ல சொல்றாங்க. இந்த செட்டுல தாளம் தரையில அதிரும், சின்னதுங்க காலாலயே பிடிச்சுக்கும். அதுக்காகத்தான் இதைக் கட்டிக்கிட்டு அழறேன். முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற கடை பாத்துக்கிறேன்.

— தாராளமாப் போங்க. அவங்களும் இந்த மாதிரி பழைய செட்டுன்னா என்கிட்டதான் கொண்டு வருவாங்க.

— அண்ணி, நீங்களாவது உங்க வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லுங்க.

— நான் என்னத்தச் சொல்ல டீச்சர். என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருது.

— கருகுதா? எங்க?

— இந்த செட்டுக்குள்ளதான். வால்யூம் குமிழுக்குப் பின்னாடி.

— அங்க ஒரு சின்ன கண்டென்சர் இருக்கு. அதுதான் சூடாகியிருக்கும். அதாவது பாருங்க டீச்சர், விசிலுக்காக மாத்தல. வாசனைக்காக மாத்துறேன். எதிர் கடையில கிடைக்கும், வாங்கிட்டு வந்துடுறேன். யாரும் தொடாதீங்க.

— போங்க, தொடல.

— அண்ணி, எனக்கு ஒரு வாசனையும் வரலையே.

— வராது. எதுவும் கருகல.

— அப்புறம் ஏன்...

— விசில் அடிக்குது. நீங்க ஆன் பண்ணினதுமே எனக்குப் பல்லு கூசிடுச்சு.

— அதை அண்ணாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?

— அவருக்குக் கேக்காது.

— கவனிக்கலைங்கிறீங்களா?

— காது கேக்கலைங்கிறேன். பேச்சு கேக்கும், கனத்த சத்தம் கேக்கும். கீச்சுச் சத்தம் மட்டும் ஒண்ணொண்ணா போயிடுச்சு. முதல்ல குருவி போச்சு. அப்புறம் காலிங் பெல். கதவுப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, இப்பல்லாம் நம்ம வீட்டுக்கு யாருமே வர்றதில்லைன்னு வருத்தப்படுவாரு.

— அடக் கடவுளே. அவருக்குத் தெரியுமா?

— தெரியாது. காலம் கெட்டுப்போச்சு, சொந்தம் பந்தம் இல்லைன்னு நினைச்சுக்கிறாரு.

— அப்ப இங்க வர்ற செட்டெல்லாம்?

— அவருக்குப் பதிலா நான் கேக்குறேன். தையல் கடைக்குப் போயிட்டிருந்தேன், முதுகு வலின்னு சொல்லி விட்டுட்டு இங்க வந்து உக்காந்துட்டேன். வேலை முடிஞ்சதும் போட்டுக் காட்டுவாரு. நல்லா இருந்தா பேசாம இருப்பேன். இல்லைன்னா கருகுற வாசனைன்னுடுவேன். உடனே திறந்துடுவாரு. திறந்துட்டா கவலையில்ல, கை இன்னும் போகல.

— அப்ப என் செட்டு எப்படித் தப்பிச்சுது?

— எங்க அக்காவுக்குக் கண்ணு ஆபரேஷன்னு போயிருந்தேன். அந்த நேரம் பாத்து உங்களுக்குக் குடுத்தனுப்பிட்டாரு.

— கண்ணாடி மாதிரி காதுக்கும்தான் மெஷின் வந்துடுச்சே. நேரா சொல்லிட வேண்டியதுதானே அண்ணி?

— யாருகிட்ட? செட்டை வண்டியில இருந்து இறக்குறப்பவே எந்த ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்குன்னு சொன்ன மனுஷன்கிட்டயா? நாளைக்கே கடைய இழுத்து மூடிட்டு வீட்டு மூலையில போய் உக்காந்துடுவாரு. எங்க வீட்ல இருக்கிறது ஒரே மூலை, அது என்னுது.

— சரி, நான் இப்ப என்ன பண்ணணும்?

— மாத்தி முடிச்சதும் உங்களைத்தான் கேப்பாரு. விசில் போயிடுச்சுன்னு சொல்லிட்டு, நாளைக்கு எடுத்துக்கிறேன்னு கிளம்பிடுங்க. நிஜமா விசில் போகலைன்னா நான் இன்னொரு தடவை வாசனை பிடிச்சுச் சரி பண்ண வச்சிடுறேன்.

— எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல அண்ணி.

— உங்ககிட்ட படிக்கிற புள்ளைங்களோட அம்மாங்ககிட்ட என்ன சொல்வீங்க?

— பிரமாதமா ஆடுறான்னு சொல்வேன்.

— அதே மாதிரி சொல்லுங்க. வர்றாரு.

— கிடைச்சிடுச்சு டீச்சர். இருங்க, இப்படி ஓரமா வச்சு ஒரு நிமிஷத்துல போட்டுடுறேன். சின்ன வேலைதான்... ம். ஆச்சு. ஆன் பண்ணிட்டேன், கேளுங்க.

— கேக்குறேன் அண்ணா.

— விசில்?

— இல்ல.

— நல்லாக் காதைக் குடுத்துக் கேளுங்க.

— சுத்தமா இல்ல. நீங்க கை வச்சா அவ்ளோதான்.

— உனக்கு? அந்தக் கருகுற வாசனை?

— போயிடுச்சுங்க.

— ரொம்ப சந்தோஷம். அதாவது பாருங்க, எதிர் கடை இன்னைக்கு லீவு. நான் எதையும் வாங்கவும் இல்ல, மாத்தவும் இல்ல.

— அண்ணா, அது வந்து...

— நீங்க விடுங்க டீச்சர். பேச்சு எனக்குக் கேக்கும், அவளே சொன்னாள்ல. வாசல்லதான் நின்னேன்.

— என்னங்க... இப்பத்தான் தெரியுமா உங்களுக்கு?

— காது என்னுது, எனக்குத் தெரியாதா? வீட்ல பால் தீஞ்சு அடி பிடிச்சாக்கூட உனக்குத் தெரியாது, நான்தான் ஓடுறேன். கடைக்கு வந்தா மட்டும் தினம் ஒரு வாசனை வருது.

— தெரிஞ்சும் ஏன் வாயத் திறக்கல?

— சொன்னா நீ தையல் கடைக்கே திரும்பிப் போயிடுவியோன்னுதான்.

— நான் எங்க போகப் போறேன். ஆமா, நான் வாசனைன்னு மொட்டையாத்தானே சொல்வேன். விசிலா, இரைச்சலான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— விசில்னா உனக்கு இடது புருவம் ஏறும். இரைச்சல்னா உதடு சுழியும். நீ அக்கா வீட்டுக்குப் போன நாள்ல நான் யாரைப் பாத்து வேலை செய்யிறது, சுவத்தையா? செட்டைக் காதால கேட்டு ரிப்பேர் பண்றதை விட்டு ரொம்ப நாளாச்சு. உன் மூஞ்சியப் பாத்துத்தான் பண்றேன். இந்தா, அந்த ஒரு நிமிஷத்துல பழைய ரேடியோவுல இருந்து ஒரு கண்டென்சர் கழட்டியிருக்கேன். போட்டுட்டு ஆன் பண்றேன், எதிர்ல வந்து உக்காரு. டீச்சர், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது.