மூன்றாவது குளிர்நீர்

கொசுவைக்கூட நான் அடிப்பதில்லை, ஊதி விரட்டுவேன். ஸ்ரீரங்கத்து வீட்டில் அந்த வேலை என் மனைவி ரங்கநாயகியுடையது. நீங்கள் என்னைக் கூட்டிப்போக வந்தபோதுகூட அவள் கையில் கொசு மட்டை இருந்ததே, இன்ஸ்பெக்டர்.

நான் மயக்க மருத்துவர். தென்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியின் இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அறியப் பழைய முறை ஒன்று உண்டு. கழுத்து வழியாக இதயம்வரை ஒரு குழாயை விட்டு, குளிர்ந்த உப்புநீரைச் செலுத்தி, ரத்தம் எவ்வளவு குளிர்கிறது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். ஒரு தடவை எடுத்தால் நம்பக் கூடாது. மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் தொழில் ஒழுக்கம். நான் வருஷக்கணக்கில் உழைத்துச் செய்த கருவிக்கு இந்தக் குத்தல் கிழித்தல் எதுவும் வேண்டாம், மார்பில் ஒட்டினால் போதும். குழாய் காட்டும் அளவும் கருவி காட்டும் அளவும் ஒத்துப்போவதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நல்ல இதயங்களில் ஒத்துப்போயின. அதில் என்ன பெருமை? காவிரியில் வெள்ளம் போகும்போது தண்ணீர் வருகிறது என்று எவனும் சொல்லிவிடுவான். தளர்ந்த இதயத்தில் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. தானாகத் தளரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆகவே நானே தளர்த்தினேன். மயக்க மருந்தைக் கூட்டுவேன், அளவெடுப்பேன், உடனே மீட்டுவிடுவேன். கண் விழித்தவர்கள் என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

நல்லுசாமி மணப்பாறை மாட்டு வியாபாரி. வயிற்றுக் கட்டிக்காக வந்தவர். "மாட்டுக்கு ஊசி போட்டாலே எனக்குத் தலை சுத்துங்க. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். அவர் மனைவி இருசம்மாள் ஒரு முறுக்குப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைக்கிறேன்.

மருந்தைக் கூட்டினேன். இதயம் வழக்கத்தைவிட வேகமாகத் தளர்ந்தது. முதல் குளிர்நீரைச் செலுத்தினேன், இரண்டு அளவும் ஒத்துப்போயின. இரண்டாவதிலும் அப்படியே. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"சார், உதடு கறுக்குது. மீட்கிற ஊசியைப் போட்டுடலாம் சார்" என்றாள் நர்ஸ் ரோசரி.

"இருங்க, இன்னும் ஒண்ணுதான்."

அவள் இருக்கவில்லை, ஊசியோடு வந்துவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கும் கேட்டது. அவள் அலறியதில்தான் சர்ஜன் அழகிரி நிமிர்ந்து பார்த்தார்.

அவருக்கு விஷயம் புரிவதற்குள் மூன்றாவது குளிர்நீரையும் செலுத்திவிட்டேன். அளவை எடுத்து முடித்தபோது இதயம் நின்றிருந்தது. அழகிரி மேசைமேல் ஏறி மார்பை அழுத்தினார். விலா எலும்புகள் நொறுங்கின. அழுத்த அழுத்த, தைக்காத வயிற்றிலிருந்து ரத்தம் பீறிட்டு என் கருவியெல்லாம் நனைந்தது. நான் அதைத் துடைத்து வைத்தேன்.

வெளியே, ரோசரி சொல்லி எல்லாம் தெரிந்துகொண்ட இருசம்மாள் என் சட்டையைப் பிடித்து அறைந்தாள். "எங்க ஆளு உங்களை என்னங்க பண்ணாரு?" என்று கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை என்று உண்மையைத்தான் சொன்னேன்.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். மருந்தைக் கூட்டியது நான். மீட்க நேரம் இருந்தும் மீட்கவில்லை, மீட்க வந்தவள் கையையும் ஒடித்தேன். நல்லுசாமியைக் கொன்றது நான்தான். ஆனால் கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடைசித் துடிப்புவரை அவர் இதயத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவே இல்லை.