எல்லா அம்பும் ஆபீசுக்கு

— “கூடியிருந்தவர்கள் மூவர். ரேஞ்சர், ஜன்னலோர நாற்காலியில். எழுத்தராகிய நான், மேசைக்கு இந்தப் பக்கம். பெயின்டர், கதவருகே பெயின்ட் டப்பாவின் மேல்.” எழுதிட்டேன் சார். அடுத்து?

— ரைட்டு. அவன் எதுமேல உட்கார்ந்திருக்கான்னு மேலிடம் கேட்டுச்சாம்மா?

— எதுவும் வரிசையா வரணும் சார். பள்ளிக்கூடத்துல அப்படித்தான் பழக்கினாங்க.

— சரி, விஷயத்துக்கு வாங்க. மூணு மாசமா உச்சிப்பாறைக்கு ஒரு ஆள்கூட ஏறிப் பள்ளத்தாக்கைப் பார்க்கலை. அங்கே இருக்கிற வருகைப் பதிவேடு வெறும் காகிதம். இன்னைக்குள்ள காரணம் எழுதாட்டி அந்த இடத்தையே மூடிட்டு, காவலரை வேற மலைக்கு மாத்திடுவாங்க.

— காவலர்னு மொட்டையா சொல்றீங்களே. என் வீட்டுக்காரர் சார் அவரு.

— அதாம்மா எனக்கும் பதறுது. ஏய் பெயின்டரே, பாதையில அம்பு போட்டியா இல்லையா?

— சத்தியமா போட்டேன் சார். நூத்திப்பத்து அம்பு. பாறைக்குப் பாறை, பளிச்சுனு மஞ்சள்ல.

— அப்புறம் ஏன் ஒருத்தரும் போய்ச் சேரலை?

— எனக்கு முட்டிவலின்னு நீங்கதானே ஜீப்புல கொண்டுபோய் உச்சியில விட்டீங்க? அங்கேருந்து இறங்கிக்கிட்டே வரைஞ்சேன்.

— இறங்கிக்கிட்டேவா? அம்பு எந்தப் பக்கம் பார்த்துச்சு?

— நான் போற பக்கம்தான் சார்.

— அட கடவுளே! நூத்திப்பத்தும் என் ஆபீசுக்கா?

— கடைசி அம்பு நேரா உங்க நாற்காலியைக் காட்டும் சார். அளந்து போட்டேன்.

— அதான் வாசல்ல வண்டியைவிட்டு இறங்கினவங்க எல்லாம் உள்ளே வந்து “பள்ளத்தாக்கு எங்கே?”ன்னு கேட்டாங்களா! நானும் சுவத்துல மாட்டின படத்தைக் காட்டி அனுப்பிட்டேனே!

— அதுல ஒரு குடும்பம் படத்துக்கு முன்னாடி நின்னு போட்டோவே எடுத்துக்கிச்சு சார்.

— ரைட்டு, எழுதுங்கம்மா. “அம்புகள் திசை மாறிவிட்டன. ஒரு வாரத்தில் திருத்தப்படும். உச்சிப்பாறையை மூட வேண்டாம்.”

— ஆச்சு. கீழே ஒரு வரி நானே சேர்த்திருக்கேன். “மூன்று மாதம் தனிமையில் வாடிய காவலரின் மேசையை, கீழே அலுவலகத்தில், எழுத்தரின் மேசைக்கு நேர் எதிரே போட அனுமதிக்க வேண்டும்.”

— பாவம், நியாயம்தான். அப்ப மேலே யாரு இருக்கிறது?

— “அவருக்குப் பதிலாகப் பெயின்டர் தினமும் நடந்தே ஏறுவார்.” அதையும் எழுதிட்டேன்.

— ஐயோ அக்கா, என் முட்டி!

— இங்கே கையெழுத்துப் போடுங்க சார். ம்... கவரை ஒட்டியாச்சு. தபால்காரரே, வண்டியை எடுத்துடாதீங்க! இந்தாங்க, இதையும் பையில போட்டுக்குங்க.

— அக்கா, அதைத் திருப்பி வாங்குங்க! சத்தியமா உண்மையைச் சொல்லிடுறேன். பாதி மலையிலேயே தப்பு தெரிஞ்சுபோச்சு. கூட டப்பாவைத் தூக்கிட்டு வந்த காவலர் அண்ணன்தான், “இருக்கட்டும் விடுய்யா, கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்துல இப்பத்தான் பேச்சுச் சத்தமே கேட்காத இடமா ஒண்ணு கெடைச்சிருக்கு”ன்னாரு.

— தபால் வண்டி வளைவே திரும்பிடுச்சு. ஏம்மா, இதைக் கேட்டு நீங்க கொஞ்சம்கூட அதிரலையே?

— மூணு மாசமா அவரு சட்டைக் கையில இருக்கிற மஞ்சள் கறையைத் தேய்ச்சுத் தேய்ச்சுத் துவைக்கிறது நான்தானே சார். அந்த வரியை இரக்கப்பட்டு எழுதினேன்னா நினைச்சீங்க?