தூங்கிய காவலாளியைப் பார்த்ததாக அச்சில் வந்த பெண் நான்

முதலில் வயதைத் திருத்திக்கொள்கிறேன். வாக்குமூலம் எழுதும் போலீஸ் ஐயா கேட்டபோது நாற்பத்தாறு என்றேன். ஆறு வருடமாக அப்படித்தான் சொல்லி வருகிறேன். சரியான வயது ஐம்பத்திரண்டு. என்னை எல்லாரும் ரேடியோ என்று கூப்பிடுவார்கள், கணவர் உட்பட. பத்திரிகை அலுவலகத்தின் பின்சந்தில், சலவைக்கடை மாடியில் குடியிருக்கிறேன். அதே அலுவலகத்தில் பதினொரு வருடமாகத் தேநீர் போட்டுக் கொடுக்கிறேன். படிப்பு மூன்றாவதோடு நின்றது. கையெழுத்துப் போடுவேன், செய்தித்தாள் வாசிக்க வராது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. செய்தியில் பொதுமக்களில் ஒருவர் பேச வேண்டும், வெளியே போக நேரமில்லை என்றால் என்னிடம் கேட்பார்கள். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அப்படிப் பேருந்துப் பயணியாகவும், ஓய்வுபெற்ற ஆசிரியையாகவும், இரண்டு பிள்ளைகளின் தாயாகவும் அச்சில் வந்திருக்கிறேன். எனக்குப் பிள்ளை கிடையாது.

சென்ற மாதம் பத்தாம் தேதி மதியம் அட்டைப்பெட்டிக் கிடங்கு தீப்பிடித்தது. அன்று நான் அலுவலகத்தை விட்டு நகரவில்லை. நாலு மணிக்குக் குற்றச்செய்தி நிருபர் தேநீருக்கு வந்து, நேரில் பார்த்த ஆள் ஒருவர் வேண்டும், தீப்பிடித்தபோது காவலாளி என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டார். அதற்கு நான், “என்ன பண்ணியிருப்பான், மூக்குமுட்டத் தின்னுட்டு கட்டையாட்டம் கெடந்திருப்பான்” என்றேன். என் வீட்டுக்காரரும் காவலாளிதான். அவரை மனதில் வைத்துக் கேலியாகச் சொன்னேன். நிருபர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். மறுநாள் பேப்பரில், காவலாளி தூங்கியதை எதிர்வீட்டுப் பெண்மணி கண்ணால் கண்டதாக வந்தது. அதன் பிறகு கிடங்கு முதலாளி அதைக் காட்டிப் புகார் கொடுக்க, போலீஸார் காவலாளியைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அன்றைக்கே எனக்குத் தெரியும். வழக்கம்போல் தேநீர் போட்டேன்.

அதன் பிறகு நான்காம் நாள் காவலாளியின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். நிருபர் பின்படி வழியாக இறங்கிப் போய்விட்டார். அந்த அம்மா என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். கிடங்குக்கு எதிரில் வீடே இல்லை, மதில்சுவர்தான் இருக்கிறது என்றார். “தூங்கிட்டிருந்தவருக்கு ரெண்டு கையும் எப்படிக்கா வெந்துச்சு? இந்தப் பொம்பளை யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு நிருபரிடம் திருத்தம் போடச் சொன்னேன். “விடுங்கக்கா, நாளைக்கு அதுல பொட்டலம் கட்டிருவாங்க” என்றார். பேப்பரைக் கட்டலாம் தம்பி, அந்த ஆளை யார் அவிழ்த்துவிடுவது என்று கேட்டேன். அதன் பிறகு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அன்று முதல் ரேடியோ என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். தீயை நான் பார்க்கவில்லை. காவலாளியை இதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எழுதியதை ஐயா வாசித்துக் காட்டக் கேட்டேன். இந்த முறை நான் சொன்னதெல்லாம் எனக்கு நடந்தது, நான் செய்தது.

(கையெழுத்து)

கையெழுத்துக்குப் பின் சேர்த்தது: சான்றுக்காக அந்தச் செய்தியை வீட்டில் கத்தரித்து எடுத்து வந்து ஒப்படைத்தேன். ஐயா வாசித்துப் பார்த்துவிட்டு, அது மெத்தைக் கடை விளம்பரம் என்றார். ஓர் ஆள் படுத்துத் தூங்குகிற படம் இருந்ததால் அதுதான் என்று வெட்டினேன்.