தாமோதரன் பெயர் இருக்கும் இடத்தில்

என் பெயரைப் போடுங்கள். இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் அம்மா என்னை வேலைக்கு அனுப்பினாள். "குடுத்த வேலைய செஞ்சிட்டு சம்பளத்த வாங்கிகினு வா. பேரு கீருன்னு வாயத் தொறக்காத." காசிமேட்டில் மீன் விற்பவள் அவள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரே ஒரு தடவை தவிர இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போது கேட்கிறேன், சார். உங்கள் விசாரணை அறிக்கையின் நான்காம் பக்கத்தில் 'மென்பொருளை உருவாக்கிய தாமோதரனின் கவனக்குறைவு' என்று இருக்கிறது. உருவாக்கியது நான். கவனக்குறைவும் கிடையாது.

எண்ணூரில் அம்மோனியா இறக்கிச் சேமிக்கும் எங்கள் டெர்மினலில் எல்லாரும் அரட்டை அடிக்க ஒரு மெசேஜ் மென்பொருள் உண்டு. அம்மோனியா கசிந்தால் அதில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பிக் கத்தும். அந்தப் பெட்டியை எழுப்புகிற இணைப்பு நிரலை, பிளகினை, எழுதியவள் நான். கன்ட்ரோல் ரூம் முழுக்க லினக்ஸ். கேட் பக்கம் லாரி எடை போடும் அறையில் மட்டும் பழைய விண்டோஸ். லாரி இரைச்சலில் சைரன் அங்கே கேட்காது. அந்தப் பெட்டிதான் கதி. அதனால் என் லினக்ஸில் உட்கார்ந்தபடியே விண்டோஸுக்கு கிராஸ் கம்பைல் செய்தேன். உருவாவது ஒரு கணினியில், ஓடுவது வேறு வகைக் கணினியில். முதல் நாள் நூற்று எண்பத்தாறு பிழை. ஒன்பதாம் நாள் ஒன்றுமில்லை. சிரிப்பு அடங்கவில்லை எனக்கு. பாத்ரூமைப் பூட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வந்தேன். செக்‌ஷனுக்கே பர்மா நூடுல்ஸ், அத்தோ வாங்கிக் கொடுத்தேன். தாமோதரன் சாரின் விண்டோஸ் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம், பெட்டி ஜம்மென்று எழும்பியது. எனக்கு மேலே இருந்தவர் அவர். அத்தோவை மென்றுகொண்டே, 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் அவர் பெயரைப் போடச் சொன்னார். என் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"பரீட்சை பேப்பராம்மா இது, பேர் எழுதறதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது. இப்படிக் கம்பைல் செய்த பிளகினுக்குத் துணையாக ஒரு சின்னக் கோப்பு கூடவே போக வேண்டும். போகாவிட்டால் பிளகின் ஏறாது. பிழை என்றும் காட்டாது, பேசாமல் இருந்துவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் அதை மறப்பார்கள். நான் மறக்கவில்லை. எடை அறைக் கணினியில் பிளகினை வைத்தேன், துணைக் கோப்பைப் பென்டிரைவிலேயே விட்டுவிட்டேன். பெரிய அதிகாரிகள் வந்து பார்க்கிற அன்று அங்கே எதுவும் எழும்பாது, தாமோதரன் முழிப்பார், நான் எழுந்து போய்ச் சரிசெய்வேன். அவ்வளவுதான் திட்டம். நினைக்க நினைக்க பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் அன்று தாமோதரன் தன் லேப்டாப்பிலேயே காட்டிவிட்டார். கைதட்டல். சால்வை.

அதற்கப்புறம் பதினோரு நாள். பென்டிரைவ் என் கைப்பையிலேயே கிடந்தது. எடை அறைக்கு நடந்தால் நான்கு நிமிடம். அங்கே வேலை பார்த்த செல்வம் அண்ணன் விம்கோ நகர்க்காரர், அரட்டையில் ஓயாமல் ஜோக் அனுப்புகிறவர். ஆறாம் நாள் போன் செய்தார்.

"இன்னா இஞ்சினியரு, அந்தச் செவப்பு ஐட்டம் என் பொட்டில காணவே காணோம். நீ செஞ்சதுதான, வந்து ஒரு தபா பாரேன்."

"நான் செய்யலண்ணே. தாமோதரன் சார் செஞ்சாரு, அவரைக் கேளுங்க."

"ஏய், எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். தாமோதரன் சாரையும் கேட்டிருக்கிறார். கணினியை அணைத்துப் போடச் சொன்னாராம்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு உண்மையாகவே கசிந்தது. என் திரையில் சிவப்புப் பெட்டி எழும்பியது. ஒத்திகை இல்லை, நிஜம். ஒரு எழுத்து பிசகவில்லை, சார். உடம்பெல்லாம் புல்லரித்தது. எல்லாரும் காற்றுக்கு எதிராக ஓடினார்கள். போன் என் கையில்தான் இருந்தது. செல்வம் அண்ணன் எடைச் சீட்டு கொடுப்பதற்காக ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பார் என்பதும் தெரியும். எடை அறையில் பெட்டி எழும்பியிருக்காது, இப்போது தாமோதரன் என்னிடம் வந்தே ஆக வேண்டும் என்று நினைத்தேன். வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு நிமிடம்.

செல்வம் அண்ணன் அதிலிருந்து மூன்றாம் நாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இறந்தார்.

தாமோதரனைக் காப்பாற்ற இதைச் சொல்லவில்லை. அண்ணனுக்காகத்தான் சொல்கிறேன். அவர் ஒருவர்தான் அது யார் செய்தது என்று தெரிந்து வைத்திருந்தவர். அந்தச் சாவையாவது சரியான ஆள் பெயரில் எழுதுங்கள்.

பென்டிரைவ் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். கூட யாரும் வர வேண்டாம், போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி தெரியும். காலையிலேயே முடிவு செய்து மாற்றுத்துணியோடுதான் வந்தேன். தே. உதயா, பி.இ. என்று முழுதாகப் போட்டு, ஒரு பிரதியை அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள். படிக்கத் தெரியாது, ஆனால் என் பெயர் எங்கே இருக்கிறது என்று யாரையாவது விரல் வைத்துக் காட்டச் சொல்வாள்.