எண்பத்துநாலு மைலாமே!

எண்பத்துநாலா! சார், பந்து வேகத்தை அளக்குற அந்த மெஷினை ரெண்டு தட்டு தட்டிப் பாருங்க. என் மவன் கோல்பி போடுற பந்து வெறும் எண்பத்துநாலு மைலா? அதைப் பிடிக்குற கேட்சர் பையன் கையை உதறிக்கிட்டு நிக்குறானே, அவன் என்ன ஈ ஓட்டுறானா?

கோச்சுக்காதீங்க. இந்தாங்க, அவிச்ச வேர்க்கடலை, தின்னுக்கிட்டே கேளுங்க. காலேஜ் பேஸ்பால் டீமுக்கு ஆள் எடுக்க அட்லாண்டாவுலேருந்து வந்திருக்கீங்க. தொண்ணூறைத் தொட்டாத்தான் பேரையே எழுதுவீங்களாம். அந்தப் புள்ள ராத்திரியெல்லாம் தூங்கல சார்! நானும் தூங்கல. எங்க வீட்டுக்காரர் வெர்னன்தான் குறட்டை விட்டாரு, அவர் எப்பவும் அப்படித்தான்...

என்ன சொல்ல வந்தேன்? ஆங், மெஷின். போன வாரம் வெர்னன் ஒண்ணை இரவல் வாங்கியாந்து, கேட்சருக்கு நேர் பின்னாடி நின்னு அளந்தாரு. தொண்ணூத்தொண்ணு! நடுவுல எங்க நாய் குறுக்கே ஓடிச்சு, அதுக்கும் ஒரு நம்பர் காட்டிச்சு, அதை விடுங்க...

என்னது? ஆமா, நேர் பின்னாடிதான். அதுக்கென்ன?

ஓ... பந்து மெஷினைப் பாத்து நேரா வந்தாத்தான் முழு வேகமும் தெரியுமா? இப்படி ஓரமா உக்காந்தா குறைச்சுக் காட்டுமா? தெரிஞ்சுமா சார் இந்த மூலையில வந்து உக்காந்தீங்க! நல்லா இருக்கே நியாயம்! அங்க கேட்சருக்குப் பின்னாடி ஒரு வரிசையே காலியாத்தானே...

எது? போர்வையா?

ஐயய்யோ... அது என் போர்வை சார். நாத்தனார் லொரீன் குடும்பத்தோட வர்றான்னு விடிஞ்சதும் வந்து மூணு போர்வையை விரிச்சு இடம் பிடிச்சேன். யாரோ ஒரு தொப்பிக்காரர் வந்து, ஒரே ஒரு இடம் கிடைக்குமான்னு கேட்டாரு. ஆள் வருது, அந்தப் பக்கம் போங்கன்னு வெரட்டி விட்டேன்...

நீங்களா அது! தொப்பியைக் கழட்டினா அடையாளமே தெரியலையே சார்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் எங்க பேச விட்டேன், அதுவும் சரிதான்.

எழுந்திருங்க, எழுந்திருங்க! கடலையை நான் எடுத்துக்கறேன், மெஷினை மட்டும் பத்திரமா பிடிங்க. டேய் கோல்பீ! போடாதே! ஷூ லேஸைக் கட்டு! கட்டியிருந்தா அவுத்துட்டுக் கட்டுடா!

இந்தப் போர்வை மேலயே உக்காருங்க, மெத்துனு இருக்கும். நேரா இருக்கா? ம்... போடுடா என் ராசா!

காட்டுங்க, காட்டுங்க... தொண்ணூத்திரெண்டு! அப்பாடா! எழுதுங்க சார், பேரை எழுதுங்க!

ஏய் லொரீன்! இப்பத்தான் வர்றியா? இங்க எங்கடி உக்கார்ற? ஆள் இருக்குறது தெரியல? குடும்பத்தோட அந்த மூலைக்குப் போ!