வகுபடாத நம்பர்

தாம்பரத்தில் ஏறிய மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே கணக்கு டீச்சர்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"எதிர்வீட்டு ஹார்டுவேர் கடை அம்மாவுக்குப் பகா எண் கிடைச்சிருக்கு டீச்சர். வயிறு எரியுது."

கையிலிருந்த வாரப்பத்திரிகை அதற்குமேல் எனக்கு ஓடவில்லை.

"எண் கிடைச்சிருக்கா?"

"புது போன் நம்பர். எங்க தெருவுக்கு இப்பதானே போன் வந்துது! பேப்பர் திருத்தறதை விட்டுட்டு வகுத்து வகுத்துப் பார்த்தேன். ஏழு, பதிமூணு, முப்பத்தேழு... எதுக்கும் மசியலை. பகா எண்ணுன்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாது!"

"உங்க நம்பர்?"

"கூட்டினா ஒம்போது வருது. மூணால வகுபடும், ஒம்போதால வகுபடும். ஆறாங்கிளாஸ் பசங்களே பிச்சுப் போட்டுடும்."

குரோம்பேட்டையில் கூட்டம் ஏறி நெருக்கியது. பேச்சு நிற்கவில்லை.

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"என் நம்பரைப் பார்த்துப் பெருமூச்சு விடறாங்க. கூட்டுத்தொகை ஒம்போது வந்தா ராசியாம். எக்ஸ்சேஞ்சுல எழுதிக் குடுத்து மாத்திக்கலாமான்னு கேட்டாங்க."

"அப்புறம் என்ன? மாத்திக்க வேண்டியதுதானே!"

அவர் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"அதெப்படி டீச்சர்? அவங்க அவ்வளவு ஆசைப்படறாங்கன்னா இதுல ஏதோ இருக்கில்ல?"